காணி உரிமையும் கடதாசிப் பாதுகாப்பும்

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்த அந்த அறிவித்தல், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் தமது உரிமையைத் தெரிவிக்கவேண்டும் என்றும், தவறினால் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்றும் கூறியது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல் அதில் அடங்கியிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. வழக்குத் தொடரப்பட்டது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அந்த அறிவித்தல் நீதியானதல்ல என்பதில் எமக்கு ஐயமில்லை. முப்பது வருடமாக இடம்பெயர்ந்து திரிந்த மக்களிடம் மூன்று மாதத் தவணை கொடுத்து, "உன் காணிக்கு அத்தாட்சி கொண்டுவா" என்று கேட்பது, வெள்ளத்தில் வீடிழந்தவனிடம் காய்ந்த விறகு கேட்பதைப் போன்றது. பத்திரம் அழிந்ததற்கு மக்கள் காரணமல்லர். அழிந்ததன் சுமையை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?

ஆனாலும் நாம் ஒன்றை மறந்துவிடக்கூடாது. தடையுத்தரவு ஒரு வழக்கோடு சேர்ந்தது. இன்னொரு காலத்தில், இன்னொரு பெயரில், இன்னொரு திணைக்களத்திடமிருந்து இதே கேள்வி வரலாம். வனப் பாதுகாப்பு, தொல்பொருள், வனசீவராசிகள், மகாவலி என்று கேட்பவர் பலர். பதில் சொல்லவேண்டியவர் ஒரு விவசாயி. அவருடைய கையில் அன்று என்ன இருக்கும் என்பதை இன்றே சிந்திப்பது நல்லது. அதற்காகவே இக்கட்டுரை.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பத்தின் எந்த முக்கிய பத்திரமும் ஒரே இடத்தில், ஒரே ஆளின் கையில், ஒரே வடிவத்தில் இருக்கக்கூடாது.

பத்திரங்கள் போன வழி

எமது பத்திரங்கள் ஒரு நாளில் அழிந்தவையல்ல. ஒவ்வொரு இடப்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கிராமத்தவர்கள் வெளியேறியபோது, சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வீட்டைப் பூட்டினார்கள். உறுதியும் உத்தரவுப்பத்திரமும் பெட்டிக்குள் இருந்தன. முள்ளியவளை, அளம்பில் பக்கங்களிலும் வேறு இடங்களிலும் அவர்கள் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களும், 1996, 1997ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியா வடக்கிலிருந்தும் அலைந்தவர்களும் அப்படியே. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையோரத்தைக் கடல் கொண்டபோது, பத்திரம் இருந்த பெட்டி மட்டுமல்ல, பெட்டி இருந்த வீடும் போயிற்று.

2008, 2009ஆம் ஆண்டுகளில் நடந்ததை இதை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்லத்தேவையில்லை. தறப்பாளுக்குத் தறப்பாள் மாறும்போது சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. உழவு இயந்திரத்தில் ஏற்றியது சைக்கிளுக்கு வந்தது. சைக்கிளில் கட்டியது தோளுக்கு வந்தது. கடைசிவரை பலர் விடாமல் வைத்திருந்தது பத்திரப் பையைத்தான். அந்தப் பையும் சிலருக்கு நீரேரியைக் கடக்கையில் நனைந்தது. சிலருக்குப் பதுங்குகுழிக்குள்ளே கிடந்துவிட்டது. சிலர் மண்ணில் புதைத்துவிட்டு வந்தார்கள், திரும்பிச் சென்றபோது புதைத்த இடத்தின் அடையாளமே இருக்கவில்லை, அல்லது கறையான் முந்திக்கொண்டது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எமது மக்கள் பத்திரத்தை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். சாமியறையில் வைத்தார்கள், றங்குப்பெட்டியில் வைத்தார்கள், உயிரைப்போலக் காத்தார்கள். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக் காத்தார்கள். பை போனபோது எல்லாம் ஒன்றாகப் போயிற்று. கவனம் குறைந்ததால் வந்த இழப்பல்ல அது. படி ஒன்றே இருந்ததால் வந்த இழப்பு.

கையில் பத்திரம் இல்லாதபோது

கொக்குத்தொடுவாய்ப் பகுதி மக்களின் நிலை எம் எல்லோருக்கும் ஒரு பாடம். அவர்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், 1988இல், அப்பகுதி மகாவலி 'எல்' வலயத்துக்குள் கொண்டுவரப்பட்டது. போருக்குப் பின் அவர்கள் திரும்பியபோது, தாம் செய்த வயல்களில் வேறு குடும்பங்கள் புதிய உத்தரவுப்பத்திரத்துடன் வேளாண்மை செய்வதைக் கண்டார்கள். 2018 ஓகஸ்ட் 28இல் முல்லைத்தீவில் நடந்த பெரும் பேரணி இதன் விளைவே. அங்கே குடியேற்றப்பட்ட ஏழை விவசாயியைக் குறைசொல்வது எமது நோக்கமல்ல. இரு பக்கமும் உழுபவர்கள்தான். ஆனால் விசாரணை என்று வரும்போது ஒரு பக்கத்தில் புதிய கடதாசி இருக்கிறது. மறுபக்கத்தில் ஞாபகம் மட்டும் இருக்கிறது. மேசையின் முன்னால் ஞாபகம் எவ்வளவு தூரம் நிற்கும்?

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தமது காணி உரிமைக்காக நீதிமன்றம் போகமுடியாதிருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட வழிசெய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டத்தின் உதவியை நாடியவரும் "இந்தக் காணி என்னுடையதாயிருந்தது" என்பதற்கு ஏதோ ஒன்றைக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

காணிக்கு மட்டுமல்ல. போரின் இறுதிக்காலத்தில் கைப்பற்றி வைத்திருந்த நகைகளை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. ஈடு வைத்த தாலிக்கொடிக்குச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அன்றும் எழுந்தது. பிள்ளையின் பாடசாலை விடுகைப்பத்திரம், வங்கிப் புத்தகம், மரணச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

"பிரதேச செயலகத்தில் இருக்கும்தானே?"

பலர் இப்படிச் சொல்லி ஆறுதலடைகிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு.

பழைய சட்டங்களை எழுதியவர்கள் ஒரு படி போதாது என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதி உரிமையாளருக்கு, ஒரு படி நொத்தாரிசிடம், இன்னொரு படி காணிப் பதிவு அலுவலகத்துக்கு. மூன்று இடம், மூன்று கை. பிறப்புப் பதிவுக்கும் இப்படியே இன்னொரு படி வேறிடத்தில் வைக்கப்படுகிறது. போருக்குப் பின் நடமாடும் சேவைகளில் எமது மக்களில் பலர் பிறப்புச் சான்றிதழை மீண்டும் பெற முடிந்ததற்கு இதுவே காரணம். முல்லைத்தீவில் எரிந்தது வேறோர் அலுவலகத்தில் எரியாமல் இருந்தது.

திருச்சபையின் பதிவேடுகளிலும் இந்த முறை உண்டு. ஒருவர் வேறு பங்கில் திருமணம் செய்தால், அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள ஏட்டிலும் குறிக்கப்படவேண்டும். ஓர் ஏடு அழிந்தாலும் மற்றது பேசும்.

மற்றப் பாதி என்ன? அலுவலகங்களும் எம்மோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தன. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய உத்தரவுப்பத்திரங்களின் விபரம் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கவேண்டும். ஆனால் பேரேட்டின் பக்கம் கிழிந்திருக்கலாம், பேரேடே இல்லாதிருக்கலாம். எமது படி அலுவலகத்தில் இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். விவசாயியிடம் இருக்கும் என்று அலுவலகம் நம்புகிறது. இருவரும் நம்பியிருக்க, படி எங்கும் இல்லை.

இப்போது எல்லாம் கணினியில் ஏறுகிறது, இனிப் பயமில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். கணினியும் ஓரிடத்தில் இருக்கும் ஒரு பெட்டிதான். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கணினிச் சேமிப்பகம் தாக்குதலுக்கு உள்ளாகியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பிவராமலே போயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப்படி எடுத்து வைக்கப்படவில்லை. பணக்கார நாடுகளும் தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 26இல் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச கணினி நிலையம் ஒன்று தீப்பற்றியது. அரச ஊழியர்கள் பல வருடமாகச் சேமித்துவைத்த கோப்புகள் அழிந்தன. அவை அளவில் பெரியவை என்பதால் வேறிடத்தில் படி வைத்திருக்கவில்லையாம். வசதியும் அறிவும் நிறைந்த நாடுகளும் எமது பத்திரப் பையின் பிழையையே செய்திருக்கின்றன.

"போனில் படம் இருக்கிறது"

இன்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி உண்டு. உறுதியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் போன் ஒரு காணிப் பதிவு அலுவலகமல்ல. வயல் வாய்க்காலில் விழும், சந்தையில் தொலையும், பிள்ளை விளையாடி அழித்துவிடும். மெமரி கார்ட், பென் டிரைவ் என்பவையும் நெடுங்காலம் சும்மா கிடந்தால் தம்மிலுள்ளதை இழக்கக்கூடியவை. அவற்றை உறுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இருபது வருடம் மறந்திருக்க முடியாது.

வட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன் என்பார்கள். அந்தப் படம் அந்த நிறுவனத்திடம் நெடுங்காலம் சேமித்து வைக்கப்படுவதில்லை. அது உங்கள் போனிலும் அண்ணனின் போனிலும்தான் இருக்கிறது. இரண்டு பேரும் போனை மாற்றினால் அதோடு சரி.

கூகுள் போன்ற நிறுவனங்களின் கணக்கில் படத்தை ஏற்றி வைப்பது இதைவிடப் பாதுகாப்பானது. எமது பத்திரங்களுக்கு வேண்டிய இடம் அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் மூன்று விடயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, இரண்டு வருடம் பாவிக்காமல் விட்ட கணக்கை அந்த நிறுவனம் அழித்துவிடலாம். இரண்டு, கணக்கைத் திறக்கப் பழைய போன் இலக்கத்துக்குக் குறியீடு வரும். அந்தச் சிம் கைவிடப்பட்டிருந்தால் கதவு பூட்டியதுதான். மூன்று, கடவுச்சொல் மூத்த மகனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவன் வெளிநாடு போனபின் அது அவனுடைய பெட்டி, வீட்டுக்குரியதல்ல.

விதைநெல் காட்டும் வழி

இதற்கு வழி என்ன? புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை. விதைநெல்லை நாம் எப்படி வைக்கிறோம் என்று பார்த்தால் போதும்.

கெட்டிக்கார விவசாயி விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு சேர்த்து வைக்கமாட்டார். முழுவதையும் ஒரே சாக்கில் கட்டமாட்டார். கொஞ்சத்தைச் சகோதரி வீட்டிலோ அயலவரிடமோ கொடுத்து வைப்பார். இங்கே குளம் உடைத்தால் அங்கே விதை இருக்கும். இன்னொன்றும் செய்வார். விதைப்புக்கு முன் ஒரு கைப்பிடியை எடுத்து, ஈரச் சாக்கில் கட்டி, முளைக்கிறதா என்று பார்ப்பார். சாக்கு நிறைய நெல் இருப்பதல்ல, முளைக்கும் நெல் இருப்பதே முக்கியம் என்பது அவருக்குத் தெரியும்.

பத்திரத்துக்கும் இதுவே விதி. மூன்று படி வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு வடிவில், அதாவது கடதாசியோடு கணினிப் படமும் இருக்கவேண்டும். ஒன்றாவது எமது மாவட்டத்துக்கு வெளியே இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை முளைக்கிறதா என்று சோதிக்கவேண்டும். உலகெங்கும் கணினி அறிந்தோர் சொல்லும் முறையும் இதுவே.

ஒரே படி எவ்வளவு ஆபத்தானது என்பதை எமது இனம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்காவது படி இருந்த நூல்களைப் பின்னர் தேடி எடுக்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்தவை என்றென்றைக்குமாகப் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படி எடுத்து எவரும் பார்க்கும்படி வைத்துவருவது இந்தப் பாடத்தினால்தான். நூல்களுக்குச் செய்ததை எமது காணிப் பத்திரங்களுக்கும் செய்வோம்.

செய்யவேண்டியவை

1. முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். உறுதி, உத்தரவுப்பத்திரம், அளிப்புப்பத்திரம், நில அளவைப் படம், கமநல சேவை நிலையத்தில் ஏக்கர்வரி கட்டிய பற்றுச்சீட்டு, பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பாடசாலைச் சான்றிதழ், மருத்துவக் குறிப்பு. இவற்றில் உங்களிடம் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று குறியுங்கள். இல்லாததை அறிவதும் பாதி வேலை.

2. இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், உத்தரவுப்பத்திர இலக்கம், காணித் துண்டு இலக்கம், நான்கு எல்லைகள், பிறப்புப் பதிவு இலக்கம். பத்திரமே அழிந்தாலும் இலக்கம் இருந்தால் அலுவலகத்தில் தேடிப் புதிய படி எடுக்கலாம். இலக்கம் தெரியாதவர் பேரேடு பேரேடாகப் புரட்டிக் காத்திருக்கவேண்டும். இந்தக் கொப்பிக்கு ஐம்பது ரூபா பெறுமதியில்லை என்று எண்ணாதீர்கள்.

3. மூலப்பத்திரத்தை லமினேற் செய்யவேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. முத்திரையையும் கையொப்பத்தையும் சோதிக்க இடைஞ்சலாகும். நன்றாகக் காய்ந்த பத்திரத்தைப் பொலித்தீன் உறையிலிட்டு, மூடி இறுகும் டப்பாவில், நிலத்துக்கு மேலே உயரத்தில் வையுங்கள். ஈரத்தோடு உறையிலிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மாரிக்கு முன் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

4. போட்டோப்பிரதி இரண்டு எடுங்கள். மை பீச்சி அச்சிட்ட தாள் நனைந்தால் கரையும்; போட்டோப்பிரதி அவ்வளவு எளிதில் கரையாது. கடைப் பற்றுச்சீட்டு, வங்கி இயந்திரத் துண்டு போன்ற வழுவழுப்பான தாள்களில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும். அவற்றைக் கிடைத்த கையோடு பிரதி எடுங்கள். முக்கியமான பிரதிகளைச் சமாதான நீதவானிடம் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

5. பகல் வெளிச்சத்தில், தாளை நேராக வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பின்புறத்தோடு படம் எடுங்கள். முத்திரையும் சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரியவேண்டும். குடும்பத்துக்கென ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து அதில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு, பத்திரத்தோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள். போன் இலக்கம் மாறினால் கணக்கிலும் மாற்றுங்கள்.

6. பிரதேச செயலகத்தின் பேரேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பிரச்சினை வருமுன்னரே பாருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்கவேண்டும். கிடைக்கும் பதில் கடிதமும் ஒரு பத்திரமே. அதற்கும் படி எடுங்கள். பேரேட்டில் இல்லை என்ற பதில் வந்தாலும் இன்றே அறிவது, மூன்று மாதத் தவணைக்குள் அறிவதைவிட மேல்.

7. வருடத்துக்கு ஒருநாள், சிறுபோக அறுவடை முடிந்து காலபோக விதைப்புக்கு முன்னர், எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். கணக்குத் திறக்கிறதா, படம் தெரிகிறதா, கொடுத்து வைத்தவரிடம் பிரதி இருக்கிறதா? அந்த ஒருநாள் பார்வையாலேயே இரண்டு வருடக் கெடுவும் தள்ளிப்போகும்.

போட்டோப்பிரதி மூலப்பத்திரத்துக்குச் சமமாகாது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது மூலப்பத்திரம் எங்கே, எந்த இலக்கத்தில், எந்தத் திகதியில் பதியப்பட்டது என்று வழிகாட்டும். வெறுங்கையோடு போனவரை எழுதுவினைஞர் திருப்பி அனுப்புவார். பிரதியோடு போனவருக்குப் பேரேட்டைத் திறப்பார். சத்தியக்கடதாசி முடிப்பதற்கும் அது ஆதாரமாகும்.

யாரிடம் கொடுத்து வைப்பது?

வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் முதலாவது தெரிவு. வவுனியாவிலோ, யாழ்ப்பாணத்திலோ, கொழும்பிலோ, கனடாவிலோ இருக்கும் சகோதரியிடம் ஒரு கட்டு இருக்கட்டும். மூலப்பத்திரத்தை அல்ல, பிரதியையே கொடுக்கவேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. காணித் தரகரிடமும், கடன் தருகிறோம் என்று வீடு வருபவரிடமும் அடையாள அட்டைப் பிரதியையும் உறுதிப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த அலுவலுக்குக் கொடுக்கிறீர்களோ, அதைப் பிரதியின் குறுக்கே திகதியோடு எழுதிக் கொடுங்கள். பலர் சேர்ந்திருக்கும் வட்ஸ்அப், வைபர் குழுக்களில் பத்திரப் படத்தைப் போடவேண்டாம். பாதுகாப்பதற்காகப் படி எடுக்கிறோம், ஊருக்குப் பரப்புவதற்காக அல்ல.

வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்

எமது மாவட்டத்தில் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர். கணவர் இருந்த காலத்தில் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை; உத்தரவுப்பத்திரத்தில் அவர்களுடைய பெயரும் இல்லை. கணவர் இறந்தபின் அல்லது காணாமற்போனபின், அவர் பெயரில் இருந்த காணிக்காக அவர்கள் ஏறாத படியில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரிமை ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்த ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தினாலும் வீட்டுப் பழக்கம் திருந்தவில்லை.

ஆகவே பட்டியலையும் கொப்பியையும் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருந்து எழுதுங்கள். உத்தரவுப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருக்கும் பத்திரம், அவரோடு தொலைந்துபோகும் பத்திரம்.

கூட்டாகச் செய்யக்கூடியது

தனித்தனியே எல்லாக் குடும்பமும் இதைச் செய்துமுடிக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்க்குப் போட்டோப்பிரதிக் கடைக்குப் போகவும் ஒருநாள் சம்பளம் இழக்கவேண்டியிருக்கிறது. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோவில் பரிபாலன சபை, பங்குச் சபை ஆகியன சேர்ந்து, ஊருக்கு ஒரு 'பத்திர நாள்' வைக்கலாம். ஒரு போட்டோப்பிரதி இயந்திரம், உயர்தரம் படித்த நான்கு இளைஞர்கள், ஒரு சமாதான நீதவான் போதும். ஒவ்வொரு குடும்பத்தின் பிரதியும் அவரவர் முன்னிலையில் உறையிலிட்டு ஒட்டி, குறுக்கே கையொப்பமிட்டு, மாவட்டத்துக்கு வெளியே ஓர் இடத்தில் வைக்கப்படட்டும். திறப்பது அந்தக் குடும்பம் மட்டுமே. கணினிப் படமும் அந்தக் குடும்பத்தின் கணக்குக்கே போகட்டும். சங்கத்தின் கணினியில் தங்கக்கூடாது. ஊரார் காணி விபரம் எல்லாம் ஒருவர் கையில் சேர்வது வேறோர் ஆபத்து.

அரசிடமும் நாம் கேட்கவேண்டியது உண்டு. பேரேடுகளைப் படி எடுத்து மாவட்டத்திலும் வெளியிலும் வைப்பது அதன் கடமை. போரிலும் கடலிலும் அழிந்த பத்திரத்துக்குப் பதிலாக அயலவரின் சாட்சியம், பழைய ஏக்கர்வரிப் பற்றுச்சீட்டு, கிணறு, தென்னை, வாய்க்கால் போன்ற நிலத்தின் அடையாளங்கள் ஆகியவற்றை ஏற்பதும் அதன் கடமை. நாம் பத்திரத்தைப் பாதுகாக்கப் பழகுவதால் அந்தக் கடமை இல்லாமற் போய்விடாது. கையில் ஆதாரம் வைத்திருப்பவர் அதைக் கேட்கும்போது குரலுக்குப் பலம் கூடும்.

எல்லாம் போனபின் இனி எதைப் பாதுகாக்க என்று சலிப்போடு கேட்பவர்களும் உண்டு. அந்தச் சலிப்பை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் இழந்தது எமது காலத்தின் பத்திரம். மீளக்குடியேறியபின் கிடைத்த உத்தரவுப்பத்திரம், வீட்டுத்திட்டக் கடிதம், பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை அடுத்த காலத்தின் பத்திரம். அவை இன்று மீண்டும் ஒரே பையில், ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மாரி தொடங்குமுன் அந்தப் பையை இறக்குங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு அருகில் இருத்துங்கள். பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.